நீ சொன்ன கையாலை

மக்கா,

இன்று காலையில், வண்டு பிடிக்கப் பிளந்து கவிழ்த்துப் போட்டிருந்த வாழைத்தண்டின் பக்கம் குனிந்தேன். புளித்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். தண்டைப் புரட்டினால் அடியில் கூன்வண்டுகள் கறுப்பாய் ஒட்டிக் கிடக்கின்றன. "வந்தியா? வா, வா" என்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவாய். நானும் இப்போது அப்படிச் சொல்லித்தான் போடுகிறேன். கேட்டுச் சிரிக்கத்தான் ஆளில்லை.

நான் நாஞ்சில் நாட்டு வயல்காரன். ஆபீஸ் வேலை முடிந்ததும் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல், சிதறால் பக்கம் இந்தச் சரிவுத் தோட்டத்தை, இங்கே சொல்வதுபோல் இந்த விளையை, வாங்கி ஏத்தன் வாழை வைத்தேன். எனக்குக் கீழே உன் விளை. இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றே 'லே' போட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். எனக்கு வரப்பு தெரியும், மடை தெரியும். சரிவில் தண்ணீர் என்ன செய்யும் என்பது மட்டும் தெரியாது.

இடவப்பாதி மழைக்கு முன்னால், மகள் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் கீழே நின்றே கத்தினாய்: "மழைக்கு முன்ன கையால கெட்டீரு மக்கா. இல்லேண்ணா ஒண்ணும் மிஞ்சாது, கேட்டியா!"

கேட்டேன். கையால் கட்டு என்று கேட்டேன். காற்றுக்கு வாழை சாயாமலிருக்க, ஆள் வைக்காமல் என் கையாலேயே கட்டச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். வடசேரியில் கயிறு வாங்கிவந்து ஒவ்வொரு வாழையையும் கம்போடு சேர்த்துக் கட்டினேன். உள்ளங்கை தோலுரிந்துபோயிற்று. ஆனாலும் என்ன பெருமை எனக்கு!

மழை மூன்று நாள் விடாமல் ஊற்றியது. ஒரு வாழைகூடச் சாயவில்லை. மண்தான் போய்விட்டது. மேல்மண் அத்தனையும் சரிவோடு இறங்கிப்போக, வேர் தெரிய நின்றன என் வாழைகள்.

திரும்பிவந்த நீ கயிற்றைப் பார்த்தாய், மண்ணைப் பார்த்தாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டாய். "ஏலே, கையாலைன்னா கயிறு இல்லலே! சரிவுக்குக் குறுக்க கல்லும் மண்ணும் வச்சுக் கெட்டுத சொவரு!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்க ஊரு பேச்சுல இடி விழ" என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன். இளைத்துப்போன வாழையில் வண்டு துளைக்கும், குலை தேறாது. விளையை விற்றுத் தொலைப்பது என்றே முடிவுசெய்துவிட்டேன்.

மறுநாள் அதைச் சொல்ல வந்தால், நீ தலையில் மண்கூடையோடு மேலே ஏறி வருகிறாய். "சிரிச்சது தப்புதான். ஒனக்க மண்ணு எனக்க வெளையிலயாக்கும் கெடக்கு. எனக்கு வேண்டாம். சொமக்க வாறியா?"

எரு போட்டுப் பண்படுத்திய மண். வேறொருவன் என்றால் வாயே திறந்திருக்க மாட்டான். விற்கும் பேச்சை விட்டுவிட்டு நானும் ஒரு கூடையை எடுத்தேன். நாள் கணக்காய்ச் சுமந்தோம். கல் பொறுக்கிக் கையாலை கட்டினோம். வண்டுக்கு நீ தண்டு பிளந்து வைத்தாய். நான் வாழைக்கு ஊடே தட்டாம்பயறு விதைத்தேன். "வாழைக்க எடையில பயறா? ஒனக்க வயக்காட்டுப் புத்தி போவாதுலே" என்று கேலி பேசினாய். அடுத்த மழையில் பயற்றங்கொடி படர்ந்து மண்ணை மூடிப் பிடித்துக்கொண்டதும், விதை கேட்டு வந்து நின்றது யார்? இரண்டு தடவை கேட்க வைத்துத்தான் கொடுத்தேன். அந்த ஓணத்துக்கு வெட்டிய குலையை நீதான் தோளில் தூக்கினாய். "எனக்க முதுவு போச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாய். உனக்கு அதில் என்னைவிடச் சந்தோஷம்.

போன வருஷம் நீ போய்விட்டாய். உன் ஆசைப்படி உன் விளையிலேயே, என் கையாலைக்குக் கீழேயே அடக்கம் செய்தார்கள். இந்த மழையில் கையாலை ஓரிடத்தில் இடிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் கூடையோடு இறங்கினேன். என் மண் வந்து உன்மேல் படிந்து கிடந்தது.

உன் வீட்டுக்காரி வந்தாள். "மண்ணு எடுக்க வந்தியளா அண்ணாச்சி? எடுத்துக்கிடுங்க. அடுத்தவன் மண்ண வச்சுக்கிடப்பிடாதுன்னுதான அவிய சொல்லுவாவ" என்றாள்.

கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அழுதேன் மக்கா. அவளும் அழுதாள்.

இடிந்த கையாலையைத் திரும்பவும் கட்டிவிட்டேன். ஆள் வைக்கவில்லை, என் கையால்தான் கட்டினேன். உன்மேல் கிடக்கும் மண்ணை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த மழைக்கு அது உன்னைவிட்டு இறங்கிப் போகாமலிருக்க அதில் பயறு விதைத்திருக்கிறேன். வயக்காட்டுப் புத்தி என்று சிரிப்பாய். சிரி, இந்தத் தடவை நான் கோபித்துக்கொண்டு பஸ் ஏற மாட்டேன்.