சமையல் உப்பு

உப்புக் கிடங்குத் தெரு,
மாயென் ஆற்றங்கரை,
12 ஜனவரி 1789

அன்புத் தங்கை பெரினுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டு உப்புக்கறியின் ருசி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. அப்படியே அம்மாவின் கைப்பக்குவம். வறுத்த தோலுக்காக அடுப்படியில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

அரசரின் உப்பு வரிக் காவல் வேலை முடிந்து வந்த இவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். "ஒரு பன்றிய ஊறப்போட அவளுக்கு ஏது அவ்வளவு உப்பு?" என்று சிரித்தார். "சமையலுக்கு வாங்கினதுல மிச்சம் பிடிச்சிருப்பா, கெட்டிக்காரி" என்றேன். குழந்தைக்கு என் முத்தம்.

உன் அக்கா,
ரெனே

லா ருசியேர்,
9 மார்ச் 1789

அக்காவுக்கு,

போன மாதம் உப்புக் காவலர்கள் வந்து கறி ஊறிய பீப்பாயைச் சேற்றில் கவிழ்த்தார்கள். சமையலுக்கென்று அரசாங்கம் நம் தலையில் கட்டிய உப்பில் கறியை ஊறப்போட்டது குற்றமாம்; அதற்குத் தனியாக வாங்க வேண்டுமாம். அபராதம் கட்ட வழியில்லை. என் மிஷேலைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உன் வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் குதிரைகளைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

பிரபுவின் மாளிகைக்கு உப்பு வரியில்லாமல் போகிறது. அங்கே எந்தப் பீப்பாயையும் யாரும் திறப்பதில்லை.

நேற்று மாதா கோவிலில் ஊர் கூடி அரசருக்குக் குறைகளை எழுதியது. "உன் வீட்டுக்காரனுக்குப் பதிலா நீ சொல்லும்மா" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கறி" என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நீ புகழாமல் இருந்திருக்கலாம்.

பெரின்

உப்புக் கிடங்குத் தெரு,
28 ஜூலை 1789

என் பெரினுக்கு,

எத்தனை கடிதம் எழுதியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

பாரிஸில் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் இங்கே உப்புக் கிடங்கை உடைத்தார்கள். "அள்ளுங்கடி, எல்லாம் நம்ம வரிதான்" என்று மீன்காரி கத்த, பெண்கள் இடுப்பில் கட்டிய முன்துணியில் அள்ளினார்கள். இவர் காவல் சட்டையைக் கிணற்றில் போட்டுவிட்டு ஓடினார். எங்கே என்று தெரியாது. "உப்புக்காரன் பொண்டாட்டிக்கு இங்க இடமில்ல" என்கிறாள் வீட்டுச் சொந்தக்காரி.

சிறையையும் திறந்துவிட்டார்கள். மிஷேல் வெளியே வந்தபோது கூப்பிட எனக்குத் தைரியமில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் ரொட்டி கொடுத்தனுப்பினேன்.

நான் வரலாமா?

ரெனே

லா ருசியேர்,
6 ஆகஸ்ட் 1789

அக்கா,

மிஷேல் அந்த ரொட்டியைத் தின்னாமல் வீடுவரை கொண்டுவந்தார். "அடியில பாரு, சிலுவை கோணலா இருக்கு. உன் அக்கா கைதான்" என்றார். ரொட்டியின் அடியில் கத்தியால் சிலுவை கீறும்போது ஒருநாளும் உனக்கு நேராக வந்ததில்லை. அம்மா எப்படித் திட்டுவாள்.

அவருக்கு இருமல் நிற்கவில்லை. உன்மேல் கோபமில்லை என்கிறார். எனக்கு இருக்கிறது. இருந்தாலும் வா. குளிர் வந்ததும் பன்றி அறுப்போம். உப்பை நீ தேய், தோலில் பாதி உனக்கு.

சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. அதைக் கேட்டால் நான் வாசலைப் பார்ப்பேன்.

உன் பெரின்