ஸ்க்ரூ போடாத பலகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று ஒரே மூச்சில் எழுதிவிட ஆசைதான், பேனா நகரவில்லை. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது உன் அம்மாவின் கை.

குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று போனில் சொன்னோமே, அது பொய் கண்ணு. கரையில் ஏற்றி வைத்திருக்கும் நம் சின்னப் படகுக்கு நான் மேல்தளம் போட்டுக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். உள்ளே குழியில் உட்கார்ந்தால் கால் நனைகிறது, முட்டி வலிக்கிறது என்று அவள் சொன்னதால் ஆரம்பித்த வேலை. குறுக்குக் கட்டைகளைப் பொருத்திவிட்டு, அளவு பார்க்கப் பலகைகளை மேலே சும்மா பரப்பி வைத்திருந்தேன். ஸ்க்ரூ தீர்ந்துபோனது, கடைக்குப் போனேன். வாங்கியதும் திரும்பியிருக்கலாம். பழைய ஆபீஸ் கூட்டாளி ஒருவன் மாட்டினான், உட்கார்ந்து அரட்டை அடித்தேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பலகைகளைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது போலிருக்கிறது என்று ஆசையாக ஏறி நின்றிருக்கிறாள், பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. நான் வரும்போது படகுக்குள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரிடம் குளியலறை என்று முதலில் சொன்னது அவள்தான், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பிறகு நீ கேட்டபோதும், வழுக்காத பாய் போட வேண்டாமா அப்பா என்று கடிந்துகொண்டபோதும் சரி சரி என்றேன். நீ அனுப்பிய பாய் வந்து சேர்ந்தது, அதை விரிக்கக் கை வரவில்லை. மேல்தளமே வேண்டாம் என்று பலகைகளை மரக்கடைக்காரருக்கே திருப்பிக் கொடுக்கப் பேசிவிட்டேன். நேற்று அதை அவளிடம் சொல்லி, எதற்காகப் பொய் சொன்னாய் என்றும் கேட்டேன்.

"உண்மையச் சொன்னா படகை வித்துடச் சொல்லுவா உங்க பொண்ணு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து அங்க இருக்கும்போதுதான் நீங்க சிரிக்கிறீங்க" என்றாள்.

சாயங்காலம் அவளே என்னைக் கிளப்பிக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக்கட்டு இல்லாத கையால் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இன்று காலை வேலை முடிந்தது. எல்லாப் பலகையிலும் நான் குதித்துப் பார்த்தேன், அப்படியும் அவளை ஏறச் சொல்ல வாய் வரவில்லை. அவளாகவே ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து, இனி பொண்ணுக்கு எழுதுங்க என்றாள்.

எழுதிவிட்டேன். போன் செய்யும்போது முதலில் அவள் கையை விசாரி, அப்புறம் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கேள், படகை விற்கச் சொல்வதானால் அதையும் என்னிடமே சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன்னிடம் பொய் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்ட
அப்பா