ராத்தாவின் சிரிப்பை வெட்டியவன்

11 மார்ச் 1997

நேற்றைய சாய்ந்தமருதுக் கலியாணத்தை இன்று வெட்டி ஒட்டினேன். மாப்பிள்ளை காரால் இறங்குவது மூன்று தரம், மூன்று பக்கத்தால். மாப்பிள்ளையின் சாச்சா வாழ்த்துச் சொல்வது முழுசாக, அவர் தும்மியது உட்பட. உள்ளேயிருந்து பெண்கள் குரவை போட்ட இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு. கடை முதலாளி மஜீட் காக்காவின் சட்டம் அது. பெண்களின் சத்தம் வந்தால் மேலே பாட்டைப் போடு.

பெண்கள் பக்கத்தை எடுப்பது அவர் மனைவி லைலா மதினி. அந்தக் கெசட் எங்கள் மேசைக்கு வராது. ஆண்கள் பார்க்கக் கூடாதென்று கமெராவிலிருந்து கழற்றி நேரே பெண் வீட்டாரின் கையில் கொடுத்துவிடுவா. வெட்டும் இல்லை, பாட்டும் இல்லை. ஐந்து வருசமாக இந்தக் கடையில் இருக்கிறேன், ஒரு மணப்பெண்ணின் சத்தத்தையும் நான் கேட்டதில்லை.

கல்முனையில் ஒரு சங்கம் குறும்படப் போட்டி வைக்கிறதாம். பத்து நிமிசம். தலைப்பு ‘பெண்’. முதற் பரிசு கிடைத்தால் ரீவியில் போட ஏற்பாடு செய்வார்களாம். ஆசை பிடித்துவிட்டது. காக்காவிடம் கமெரா கேட்டேன். “பழைய கெசட்ட எடு. முதுகுல உள்ள பிளாஸ்டிக் துண்ட மட்டும் உடைச்சிராத” என்றார். அதை உடைத்தால் பிறகு அந்தக் கெசட்டின் மேல் எதையும் பதிய ஏலாது. எங்கள் கடைக் கெசட் ஒவ்வொன்றும் நாலைந்து கலியாணம் கண்டது.

14 மார்ச்

கூடப் பிறந்த மூத்தவ, றுகையா ராத்தாவிடம் போனேன். வேறு யாரை எடுப்பது? இந்த ஊரில் கமெரா முன்னால் நிற்க எந்தப் பெண் வருவாள்?

ராத்தாவின் புருசன் அபூசாலி மச்சான் தொண்ணூறாம் ஆண்டு நெல் லொறியோடு பொலன்னறுவைக்குப் போனவர். லொறியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஊர் இரண்டு வருசம் பொறுத்தது. பிறகு, ஆள் மௌத்து, செத்துவிட்டார் என்று வைத்து இத்தா இருக்கச் சொன்னது. நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து அறைக்குள் இருக்க வேண்டும். ராத்தா இருக்கவில்லை. நெல் அவித்துக் குத்தி விற்று மகள் றிஸ்லாவை வளர்த்தா. ஐந்து வருசமாகக் கேட்கிற எல்லாருக்கும் ஒரே பதில்தான்: “மையித்தக் காட்டுங்க, நாளைக்கே இருக்கன்.” உடலைக் கண்ணால் காணாமல் நம்ப மாட்டா.

படம் என்றதும் சிரித்துவிடுவா என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ரீவியில போடுவாங்களாடா?”

“முதல் பரிசு கிடைச்சாப் போடுவாங்களாம் ராத்தா.”

“அப்ப எங்க இருந்தாலும் அவர் பாப்பாரு. எடு. மொகத்தயே எடு.”

நான் தலையாட்டினேன்.

17 மார்ச்

இரண்டு நாளாகக் கடல், தெரு, வண்டில் என்று எடுத்துத் தள்ளி, கடைசியில் இன்று ராத்தா. நெல் அவிக்கிற அடுப்படி. உமிப் புகை கண்ணைப் பிடுங்கியது. அவ முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கிண்டினா. நல்ல காட்சி. அவ்வளவு நேரமும் கமெராவைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து கதைத்தா. பத்து நிமிசத்துக்கு மேலே இருக்கும். மச்சான் போன அன்று விடியவே அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது. ஒரு காலில் அவருடையது, மற்றக் காலில் அன்று அங்கே தங்கியிருந்த என்னுடையது. மிச்சச் சோடி இன்னமும் ராத்தாவின் வாசலில் கிடக்கிறது, அதிலும் ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. “அந்த மனிசன் ஊரெல்லாம் அப்பிடித்தான் நடந்து திரிவாரு. செருப்ப மாத்துறத்துக்காவது வரத்தானே வேணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தா. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

18 மார்ச்

கரண்ட் இல்லை.

26 மார்ச்

படம் முடிந்தது. ‘வெள்ளைச் சீலை’ என்று பேர் வைத்தேன்.

சிரிப்பை எங்கே வைத்தாலும் சரிவரவில்லை. புருசன் காணாமற்போன பெண் இப்படிச் சிரித்தால் பார்ப்பவன் என்ன நினைப்பான்? என் ராத்தாவை என்ன நினைப்பான்? எடுத்துவிட்டேன். செருப்புக் கதை சிரிப்போடு ஒட்டிக் கிடந்தது, அதுவும் போயிற்று. பிறகு பார்த்தால் கதைக்கிறதில் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த இடத்துக்கு நானே எழுதி நானே வாசித்தேன். ‘அவள் காத்திருந்தாள், கண்ணீரே அவளுக்குத் துணை’ என்று. கண் துடைக்கிற காட்சிக்குக் கீழே புல்லாங்குழல். அடுத்து, அயல் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைச் சீலை. முகம் வேண்டாம் என்று முதுகு, கை, வளையல்.

காக்கா பார்த்துவிட்டு, “மானமா எடுத்திரிக்காய்” என்றார். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

4 மே

இரண்டாம் பரிசு. மண்டபம் நிறைந்த சனம். புல்லாங்குழல் வந்ததும் எல்லாரும் அமைதி. மச்சானின் காக்கா, அவருக்கு மூத்தவர், முன்வரிசையில் இருந்து கண் கலங்கினார். ராத்தாவும் றிஸ்லாவும் பெண்கள் பக்கத்தில் இருந்தார்கள். வெளியே வரும்போது தேடினேன், போய்விட்டிருந்தார்கள்.

நடுவர்களில் ஒருவர் செல்லத்தம்பி மாஸ்டர், பாண்டிருப்பு ஆள். கை தந்துவிட்டுக் கேட்டார். “தம்பி, ஆம்பிளைக் குரல்தானே கதைக்குது. அந்தப் பிள்ளை ஒண்டும் சொல்லல்லயா?”

“சொன்னாங்க சேர். படத்துக்கு நீளம்.”

“ஓம் ஓம்” என்றார். மனிசன் திட்டியிருக்கலாம்.

5 மே

ராத்தா கதவடியிலேயே நிற்பாட்டிக் கேட்டா.

“நான் எப்படா அழுதன்?”

புகை என்றேன். படத்துக்கு அப்படி வேண்டியிருந்தது என்றேன்.

“நான் அவருக்குச் சொன்னது எங்க?”

வாசலில் கிடந்த செருப்புச் சோடியைப் பார்த்தேன்.

“ஏழு வருசமா இந்த ஊரால என்ன அழவெக்க ஏலாமப் போச்சி. நீ பத்து நிமிசத்துல செஞ்சி போட்டாய். போ.”

ஏச்சு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி மெதுவாகச் சொன்னதுதான்…

6 மே

இன்றைக்குக் கடையில் படத்தை மூன்று தரம் போட்டு, மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். பத்து நிமிசத்தில் என் குரல் ஆறே முக்கால். ராத்தாவின் முகம் ஒன்பது செக்கன், அதிலும் பாதியை முந்தானை மறைக்கிறது. அவவின் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. வளையல் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன், அந்த வளையலும் றிஸ்லாவுடையது, நான்தான் கடன் வாங்கிப் போடச் சொன்னது. மாப்பிள்ளையின் சாச்சா தும்மியதைக்கூட வெட்டாத கை இது.

மூலக் கெசட்டை எடுத்துத் திரும்ப வெட்டலாம் என்று தேடினேன். இல்லை. லைலா மதினி அதைத்தான் போன மாதம் மருதமுனைக் கலியாணத்துக்குக் கொண்டுபோனாவாம்.

“மூண்டு மணித்தியாலமும் நெறஞ்சிரிக்கும், பொம்புளையள் பக்கம் எப்பவும் அப்பிடித்தான்” என்றார் காக்கா. “ஏன்டா, பரிசு கிடைச்சிட்டுத்தானே?”

என்ன பெரிய பரிசு. ஒரு கடிகாரம் தந்தார்கள். ஓடுவதும் இல்லை.

19 ஆகஸ்ட்

றிஸ்லாவுக்கு நல்ல இடம் ஒன்று பொருந்தி வந்திருக்கிறது. பெடியன் பாடசாலை ஆசிரியர். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். நிக்காஹ்வுக்கு வலியாக, பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பாளராக, நிற்பது யார்? வாப்பா உயிரோடு என்றால் வாப்பா எங்கே? இல்லையென்றால் இல்லையென்று முடிவாகச் சொல்லுங்கள்.

மச்சானின் காக்கா என்னையும் வைத்துக்கொண்டுதான் ராத்தாவிடம் கதைத்தார். “இத்தன வருசமா நாங்க ஒங்கள வற்புறுத்தினமா? படத்துல நீங்களே அழுது ஒத்துக்கிட்டீங்க. ஊரே பாத்திச்சி. இனி என்னத்துக்குப் புள்ளட வாழ்க்கய மறிக்கிற?”

ராத்தா என்னைப் பார்த்தா. வாயைத் திறடா, புகை என்று சொல்லடா என்று ஒரு பார்வை. நான் சொன்னேனா? பெரியவர்கள் இருந்த சபை. பரிசு வாங்கின படம். சீ.

20 நவம்பர்

மார்க்க வழக்குத் தீர்க்கிற காதியார், மச்சான் மௌத்து என்று முடிவு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று ராத்தா இத்தாவுக்கு இருந்துவிட்டா.

வெள்ளைச் சீலை.

வாசலில் செருப்புச் சோடி இல்லை. றிஸ்லாவைக் கேட்டேன். “உம்மா எடுத்து வெக்கச் சொன்னாங்க மாமா” என்றாள்.

3 டிசம்பர்

ராத்தாவுக்கு வீட்டின் பின்பக்கத்தால் மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீனை வாங்கிக்கொண்டா.

31 ஜனவரி 1998

நேற்றுப் பெருநாள். ராத்தாவின் வீட்டில் சாப்பிட்டேன். சோறு போட்டா. “உப்புக் காணுமா?” என்று கேட்டா. எட்டு மாதத்தில் என்னோடு கதைத்தது அது ஒன்றுதான்.

15 பெப்ரவரி

எழுதத்தான் வேணும்.

லைலா மதினி கடைக்கு வந்து, “மருதமுனைக்கு ஒருக்காப் போகணும் வா. ஒண்ட ராத்தா அந்தக் கெசட்டுல இரிக்காவாம்” என்றா. எனக்கு விளங்கவே இல்லை. போன வருசக் கலியாண வீடு. மணப்பெண்ணின் உம்மா பாத்தும்மா எங்களைக் கண்டதும், “பெண்டுகள்ற இடம் முடியிற வரைக்கும் வெளிய நில்லுங்க மகன்” என்று கதவைச் சாத்தினா. வேலியடியில் நின்றேன். உள்ளே குரவைச் சத்தம். பாட்டு மேலே போடாத முழுக் குரவை, முதன்முறையாகக் கேட்கிறேன். அது சடாரென்று அறுந்தது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ராத்தாவின் குரல், கதவும் திறந்தது.

கலியாணத்தன்று பாதியில் மழை கொட்டி, கரண்டும் போய், லைலா மதினி கெசட் முடிய முன்னமே எடுப்பதை நிறுத்திவிட்டாவாம். வீட்டார் கெசட்டில் கலியாணம் முடிந்த பிறகும் நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறார்கள். மேலே பதியாமல் மிஞ்சிய கடைசிப் பன்னிரண்டு நிமிசமும் ராத்தா. முகம், முழு முகம். புகை கண்ணைக் கடிக்க, “இந்த உமிக்கு நெருப்ப வெக்க” என்று ஏசுகிறா. செருப்புக் கதை சொல்கிறா. சிரிக்கிறா.

நடுவில் ஒரு ஆம்பிளைக் குரல். “ராத்தா, சிரிக்காதீங்க. படத்துக்குச் சரிவராது.”

என்ட குரல்.

“ஏன்டா, சிரிச்சா அவர் வர மாட்டாரா?” என்கிறா ராத்தா. பிறகு சிரிப்பு அடங்குகிறது. நேரே கமெராவைப் பார்த்து, “கேட்டுக்கங்க, எங்கட சங்கதி ஒண்டும் மாறல்ல, நெல்லு அவிக்கன், றிஸ்லா படிக்கா, மையித்தக் காட்டுற வரைக்கும் நான் இத்தா இருக்கவும் மாட்டன். சுறுக்கா வாங்க” என்கிறா.

நான் சிரிக்க வேண்டாம் என்று சொன்னதை இந்தக் கொப்பியில் எழுதவில்லை. மார்ச் 17-ஐத் திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை. இங்கேயும் வெட்டியிருக்கிறேன்.

பாத்தும்மா தேத்தண்ணி தந்தா. “கலியாணத்த எல்லாரும் ஒருக்காப் பாத்த. இவவத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்றாளுகள். அந்தச் செருப்புக் கதைக்கு எங்கட பெண்டுகள் விழுந்து விழுந்து சிரிக்கிற” என்றா. பிறகு கேட்டா. “அவர் வந்துட்டாரா மகன்?”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

17 பெப்ரவரி

இரண்டு நாளைக்கென்று கேட்டதும் பாத்தும்மா கெசட்டைத் தந்தா, கலியாணப் பக்கத்தைப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. கடைசிப் பன்னிரண்டு நிமிசத்தைப் புதுக் கெசட்டொன்றில் இறக்கினேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு வெட்டும் இல்லை. சிரிக்க வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கை பொத்தானுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

வீடியோ டெக்கையும் ரீவியையும் சைக்கிளில் கட்டி ராத்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அறைக்குள் வெள்ளைச் சீலையோடு இருந்தா. இத்தா முடிய இன்னும் ஆறு கிழமை. றிஸ்லா வயரைக் குத்தினாள். ராத்தா எதுவென்று கேட்கவில்லை. படம் வந்ததும், “சத்தத்தக் கூட்டு” என்றா.

பார்த்தா. செருப்புக் கதையில் றிஸ்லா சிரித்தாள், பிறகு அழுதாள். ராத்தா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ‘இத்தா இருக்கவும் மாட்டன்’ என்று ரீவிக்குள் சொன்னபோது தன் சீலைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தா. பன்னிரண்டு நிமிசமும் முடிந்து திரை நீலமானது.

“ராத்தா, நான் அண்டைக்குச் சபையில—”

“தெரியும்” என்றா. கையை நீட்டிக் கெசட்டைக் கேட்டா. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தா.

“இதுக்கு மேல கலியாணம் கிலியாணம் ஒண்டும் எடுத்துராத. பத்திரமா வெச்சிரு. அவர் வந்தாப் போட்டுக் காட்டு.”

கடையில் வைத்தால் மஜீட் காக்கா எடுத்துவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாவியால் நெம்பி, முதுகிலிருந்த அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டேன்.