காப்புக் கட்டின வாரம்

2006 பிப்ரவரி 12
இன்னைக்கும் அவுக வேலைக்குப் போகலை. இடுப்பு வலி. பட்டாசுக் கம்பெனியில லாரிக்கு லோடு ஏத்துற ஆளுக்கு இடுப்பு வலிக்காம என்ன செய்யும்னு இத்தனை மாசமும் எண்ணெய் தேச்சு விட்டேன். ராத்திரி ஒண்ணுக்குப் போக அடிக்கடி எந்திரிக்கிறதையும் வயசுன்னு நெனச்சேன். சிவகாசி டாக்டர் ரத்தத்தைப் பாத்துட்டு மதுரைக்குப் போகச் சொல்லிட்டார்.

மார்ச் 9
நீர்ப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்காம். அதுல புத்துநோய். எலும்புக்குப் பரவியிருக்கான்னு பாக்க ஊசி போட்டு, முழு ஒடம்பையும் படம் எடுத்தாக. முதுகெலும்புல ஒரு எடம் கறுப்பு.

"அது லாரியில இருந்து விழுந்த அடி சார்"னு அவுக சொன்னாக.

"இருக்கலாம். பழைய அடியும் இப்படித் தெரியும், நோயும் இப்படித் தெரியும். முதுகுக்கு இன்னொரு ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதி"ன்னார் டாக்டர். அதுக்கு ஏப்ரல்லதான் தேதி கெடச்சது. "அதுக்குள்ள கால் மரத்தாலும், ஒண்ணுக்கு அடைச்சாலும் தேதி பாக்காம அன்னைக்கே வந்துரணும்."

நான்தான் தலையாட்டினேன்.

மார்ச் 27
ஊர் ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கையில காப்புக் கயிறு கட்டியாச்சு. அவுகளுக்காக அக்கினிச்சட்டி எடுக்கேன். காப்புக் கட்டினவுக வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. அவுக சிரிக்காக: "நோவு எனக்கு, நெருப்பு ஒனக்கா? நல்ல பங்கு செல்லக்கனி."

மார்ச் 31
கடைக்குப் போனவுக ஒத்தச் செருப்போட திரும்பி வந்தாக. மத்தது நடுத்தெருவுல கெடக்கு. கழண்டது தெரியவே இல்லையாம். கூட லோடு ஏத்துற சங்கிலிமுத்து அண்ணன் அதை எடுத்துட்டு வந்து, "மச்சான், புதுச் செருப்பு வேணும்னா தங்கச்சிட்ட நேரா கேளும்"னாக. நானும் சேந்து சிரிச்சேன்.

ஏப்ரல் 3
சட்டி எடுத்துட்டேன். கை சுடவே இல்லை. கோயில் வாசல்ல அவுக நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாக. கூட்டத்துல நிக்க முடியலையாக்கும்னு நெனச்சேன்.

ஏப்ரல் 4
காலையில எந்திரிக்க முடியலை. கால் ரெண்டும் இல்லாத மாதிரி இருக்குன்னாக. ஒண்ணுக்கும் வரலை. வேன் பிடிச்சு மதுரைக்கு.

ஏப்ரல் 12
கறுப்பாத் தெரிஞ்சது நோயேதான். அந்த எலும்பு நொறுங்கி உள்ள இருக்குற நரம்பை அமுக்கிருச்சு. முதுகுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைக்காக. விதைய எடுக்குற ஆப்பரேசனும் ஆயிருச்சு. அதுல ஊறுற சத்துதான் நோய்க்குத் தீனியாம். வலி கொறையும், நடை வருமான்னு சொல்ல முடியாதாம்.

வந்த அன்னைக்கே, "எப்ப இருந்து மரத்துச்சு?"ன்னு டாக்டர் கேட்டார்.

"நாலஞ்சு நாளா"ன்னாக அவுக.

"ஏன் வரலை?"

டாக்டர் போனப்புறம் அவுக மெல்லச் சொன்னாக: "காப்புக் கட்டின கையோட ஒன்ன எப்படிக் கூட்டிட்டு வர? எனக்காகக் கட்டினது."

ஏன் சொல்லலைன்னு கேக்க எனக்கு என்ன வாய் இருக்கு? செருப்பு தெருவுல கெடந்துச்சே — அது சொல்லலையா? டாக்டர் சொன்னதக் கேட்டவ நான். சிரிச்சவளும் நான். ஒரு கயித்தை அறுத்து ஆத்தா காலடியில போட்டுட்டுப் போயிருந்தா அவ என்ன செஞ்சிருப்பா...

செப்டம்பர் 18
வலி இல்லை. காலும் வரலை. படுத்தமேனிக்கே மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுதாக. "கம்பெனியில இப்ப ஒக்காந்த வேலை குடுத்துட்டான்"னு வந்தவுககிட்ட எல்லாம் பெருமை.

2007 ஜனவரி 22
அவுக போய்ச் சேந்து முப்பது நாளாச்சு. இன்னைக்கு முப்பது கும்பிட்டோம்.

மார்ச் 29
கொட்டுச் சத்தம் கேக்குது. சங்கிலிமுத்து அண்ணன் பொங்கல் வரி வாங்க வந்தாக. ஒரு கை இடுப்புல.

"என்னண்ணே?"

"லோடு வலிதான் தங்கச்சி. பொங்கல் முடியட்டும், ஆசுபத்திரியில காட்டுவோம். காப்புக் கட்டியிருக்கேன்ல."

"செருப்பைப் போட்டு நாலு எட்டு நடங்க."

"எதுக்கு? எனக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

"நடங்கண்ணே."

நடந்தாக.

"நாளைக்கே போய்க் காட்டுங்க. கால் மரத்தா காப்பைப் பாக்காதீக. நான் வந்து அறுக்கேன்"னேன். அவுக சிரிப்பை நிறுத்திட்டாக. சரி தங்கச்சின்னுட்டுப் போனாக.

தெருமுக்கு திரும்புற வரைக்கும் பாத்துட்டே நின்னேன். ரெண்டு செருப்பும் கால்லயே இருந்துச்சு.