நாலு கரைக்கும் ஒரு தகரம்

அக்கா,

இன்று காலை வெற்றிலைக்கொடிக்குத் தண்ணீர் மொள்ளப் போனேன். படியில் கால் வைக்குமுன்பே மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. குளத்தின்மேல் எண்ணெய் படலம் படலமாக மிதந்தது. கொசு ஆபீஸ் ஆட்கள் விடிந்ததும் வந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் கொடிக்கு விட்டால் இலை கருகும். குடத்தைக் கவிழ்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வீட்டுக்குப் போகக்கூட மனம் வரவில்லை. அலுத்துவிட்டது, அக்கா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வாசம் எனக்குக் கொசுவை நினைவூட்டவில்லை. உன் தகரத்தைத்தான் நினைவூட்டியது. சாம்பல் போட்டு எத்தனை தரம் தேய்த்தாலும் அந்தப் பழைய மண்ணெண்ணெய் டின்னை விட்டு வாசம் போனதே இல்லை. நான் மூக்கைப் பொத்தினால், "ரொம்பத்தான் மகாராணி, பன்னீர் ஊத்தி வைக்கட்டுமா?" என்று கேட்பாய்.

ஆயர் ஈத்தாம் போகும் ட்ராம் பாதையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் இந்தக் குளத்துக்கு நாலு கரை, நாலு சொந்தக்காரர்கள். தெற்கே என் வெற்றிலைத் தோட்டம். கிழக்கே உன் மாட்டுக் கொட்டகை. மேற்கே ஹாஜியின் தென்னந்தோப்பு. வடக்கே, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீனரின் காய்கறிப் பாத்தியும் பன்றிப்பட்டியும். எல்லோருக்கும் நிலம் தண்ணீர் ஓரம் வரைக்கும்தான். தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. அதனால் எல்லோரும் அதில் இறங்கினோம், ஒருவரும் அதைப் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விட்டவர் தவுக்கே. பன்றிக்குத் தீனியாகும் என்று ஒரு மூலையில் மூங்கில் தட்டி கட்டி வளர்த்தார். ஒரு பெருமழையில் தட்டி பிய்த்துக்கொண்டது. முதலில் யாருக்கும் கோபம் வரவில்லை. ஊதாப் பூ அழகாக இருக்கிறதே என்று நானே ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டேன். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. உன் எருமைகள் கரையில் நின்று, எங்கே இறங்குவது என்று உன்னைத் திரும்பிப் பார்த்தன.

அப்போது நாம் செய்த புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆளுக்கொரு மூங்கிலை எடுத்துக்கொண்டு, செடியை எதிர்க்கரைக்குத் தள்ளினோம். வாடைக்காற்று அடித்தால் மொத்தமும் என் கரையில் வந்து ஒதுங்கும். மேல்காற்று வந்தால் உன் கரைக்குப் போகும். யார் கரையில் ஒதுங்குகிறதோ அவர் தலையெழுத்து. மற்றவர்கள் எல்லோரும், "எங்க கரை சுத்தமாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஒரு நாள் நானும் அதையே சொன்னேன். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி எதிரொலிக்கிற மாதிரி கத்தினாய்.

"காத்துக்குக் கரை தெரியுமாடி?"

கொசு ஆபீசர் முதல்முதலாக வந்தது அந்த வருஷந்தான். வெள்ளை எனாமல் அகப்பையால் செடிக்கு அடியிலிருந்து தண்ணீரை மொண்டு காட்டினார். புழுக்கள் துள்ளின. கரைக்காரர்கள் குளத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் மண்ணைக் கொட்டி மூடிவிடுவதுதான் வழி என்றார். மனுஷன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரெல்லாம் குளிர்காய்ச்சல். ஆனால் தண்ணீரில் ஊறாமல் எருமை உயிர்வாழாது. குளம் போனால் உன் பால் வியாபாரமும் போனது. எனக்குக் கொடி போனது.

அன்று சாயங்காலம் நீ யாரையும் கூட்டிப் பேசவில்லை. பேசிப் பிரயோசனமில்லை என்று உனக்குத் தெரியும். தவுக்கேயின் பன்றிச் சாக்கடை குளத்தில் விழும்வரைக்கும் ஹாஜி அந்தத் தண்ணீரில் கால் வைக்கமாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எருமைச் சாணியைவிட என் சாக்கடை மோசமா என்று தவுக்கே கேட்பார். அதுவும் நியாயந்தான். ஆகவே நீ முதலில் உன் எருமைகளுக்கு ஒரு மூலையில் கழி நட்டு வேலி அடைத்தாய். பத்து காவான் எஸ்டேட்டில் கரும்பு வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கையால் நீயே நட்டாய். பிறகு நேரே வடகரைக்குப் போய், உனக்குத் தெரிந்த மலாயில் வெளுத்து வாங்கினாய்.

"சாயா பூஞா கெர்பாவ் சுடா டியாம்! லூ பூஞா பாபி மாச்சாம் மானா?"

என் எருமை அடங்கிவிட்டது, உன் பன்றி எப்படி என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீ கேட்ட தோரணையில், தவுக்கேயின் மனைவி உள்ளே விழுந்து விழுந்து சிரித்தது எனக்கே கேட்டது. தவுக்கேவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்திலேயே சாக்கடையைப் பின்பக்கம் திருப்பிவிட்டார். ஹாஜி தம் சம்பான் படகைத் தண்ணீரில் இறக்கினார்.

செடி வார ஆள் கூப்பிடத் தட்டும் அந்தத் தகரத்துக்கு நீ வைத்த சட்டம் இன்னும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. காற்று யார் கரையில் செடியைக் கொண்டு சேர்க்கிறதோ, தகரம் அவர் வீட்டில் இருக்கும். அவர் தட்டினால் மற்ற மூன்று கரையும் போகவேண்டும். காற்று மாறினால் தகரமும் வீடு மாறும். செடி கரையில் நெருக்கி ஒதுங்கியிருக்கும்போது வாரினால்தான் வரும். நடுத் தண்ணீரில் துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். இதைத் தவுக்கே உடனே பிடித்துக்கொண்டார். எந்தக் காற்றும் அவர் கரைக்குச் செடியைக் கொண்டு போனதில்லை, தகரமும் போனதில்லை. ஆனாலும் வந்தார். "நாலு பேருகூட இல்லாத ஊரு. இதுல ஊர் கூடித் தேர் இழுக்கணுமாம்!" என்று நீ அலுத்துக்கொள்வாய். அலுத்துக்கொண்டே இழுப்பாய்.

அந்த நாட்களின் களைப்பு நல்ல களைப்பு. சம்பானில் ஹாஜி கயிற்றை வளைத்துக்கொண்டு வருவார், நாம் கொக்கி மூங்கிலால் கரைக்கு இழுப்போம். கால் இடுக்கெல்லாம் அட்டை. குவியலில் பாதி தவுக்கேயின் பன்றிக்கு, பாதி என் கொடிக்கால் குழிக்கு. முடிந்ததும் ஹாஜி வீட்டிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் வரும், உன் வீட்டிலிருந்து மோர் வரும். மறுபடி விரால் துள்ள ஆரம்பித்தது. கொசு ஆபீசர் அடுத்த தடவை மொண்டு பார்த்துவிட்டு, "புழு இல்லை" என்றார். நீ அவருக்கு மோர் கொடுத்தாய். அவர் குடிக்குமுன் அதையும் ஒரு தரம் உற்றுப் பார்த்தார். நீ மாதக்கணக்காக அதைச் சொல்லிச் சிரித்தாய்.

எப்போது விட்டுப்போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். சண்டை ஒன்றும் இல்லை. தவுக்கேவுக்கு டவுனில் கடை வந்தது, தோட்டத்தை மகன் பார்த்துக்கொண்டான். ஹாஜிக்கு மூட்டுவலி. ஒரு வருஷம் மேல்காற்று நிற்கவே இல்லை. செடி முழுக்க உன் கரையில், தகரமும் உன் வீட்டில். நீ தட்டினாய். நான் வந்தேன். வேறு யாரும் வரவில்லை. மறுநாளும் தட்டினாய், நாம் இரண்டு பேர்தான். நாம் ஒரு பாயளவு வாரினால் காற்று இரண்டு பாயளவு கொண்டுவந்து போட்டது. நீ கொக்கியைச் சேற்றில் ஊன்றி, அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு மேற்குக் கரையைப் பார்த்தாய். திட்டவில்லை. நீ திட்டாமல் நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டாய். மாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்று காதைக் கொடுத்தேன்.

"தகரத்த நீ எடுத்துட்டுப் போ. காத்து திரும்பினா உன் கரைக்குத்தான் வரும்."

அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: அந்தக் குளந்தான் அவளைக் கொண்டுபோயிற்று. இருக்கலாம். குளத்தை நாங்கள் கைவிட்டதுதான் உன்னைக் கொண்டுபோனதோ என்று எனக்குத் தோன்றியது. இத்தனை நாளாகியும் எது சரி என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது?

அந்த வாடையில் நான் தட்டியபோது எல்லோரும் வந்தார்கள். உன் துக்கம் அவர்களை இழுத்து வந்தது. அடுத்த வாடையில் பாதிப் பேர். அப்புறம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூத்தாட வேண்டியதாயிற்று. உன் மகனுக்குப் பட்டர்வொர்த்தில் ரயில்வே வேலை கிடைத்தது; கொட்டகையையும் நிலத்தையும் ஒரு டவுன் முதலாளிக்கு விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு மாடு பிடிக்காது. முதலாளி உன் கரையைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டு, அங்கே குடியிருக்க ஒருவரையும் வைக்கவில்லை. மேல்காற்று தொடங்கி, செடியெல்லாம் அங்கே போய் அடைந்து கிடக்கிறது. சட்டப்படி தகரம் அங்கே போகவேண்டும். வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் என்னிடமே கிடக்கிறது.

இன்று மத்தியானம் அந்த முதலாளியும் இப்போதிருக்கும் கொசு ஆபீசரும் ஒன்றாக வந்தார்கள். குளத்தை மூட நாலு கரைக்காரரும் சம்மதிக்க வேண்டும். முதலாளி சம்மதம், தவுக்கேயின் மகன் சம்மதம். ஹாஜி, "அந்தம்மா சொல்றதுதான் என் பேச்சும்" என்று நழுவிவிட்டாராம். ஆக, எல்லாம் என் தலையில். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒங்க கரை சுத்தமா இருக்கேம்மா. கொடிக்குக் குழாய்த் தண்ணி இழுத்துக்கலாம்லா. இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு?"

நாளைக் காலையில் பதிலுக்கு வருவதாக ஆபீசர் சொன்னார். அவர்கள் போனபிறகு, உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனிமேல் யார் வாசலிலும் போய் நிற்கவேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விழித்ததும் தென்னை ஓலையைப் பார்க்கவேண்டாம். குளம் மூடினால் நானும் படுக்கலாம். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் கரை சுத்தமாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் தானாக நின்றுவிட்டது. நீ எங்கிருந்து எதைக் கத்தியிருப்பாய் என்று உனக்கே தெரியும்.

தகரத்தையும் இரண்டு கொக்கியையும் எடுத்துக்கொண்டேன். உன் கரையில் முள்கம்பி தண்ணீர்வரை வந்திருந்தது. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீர் வழியாகச் சுற்றிப் போனேன். காலெல்லாம் எண்ணெய். உன் எருமை மூலையில் நீ நட்ட கழிகளில் இரண்டு இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் தகரத்தை மாட்டித் தட்டினேன். வடக்கே ஒரு நாய் குரைத்தது. வேறு சத்தமில்லை. எதற்கும் இன்னொரு தரம் தட்டிவிட்டு, தனியாக இறங்கி வார ஆரம்பித்தேன்.

வெகுநேரம் கழித்துத்தான் சம்பான் வந்தது. ஹாஜிதான். துடுப்புப் போட முடியாமல், மூங்கிலை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்தும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பானுக்குள் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் தட்டினது எனக்குக் கேட்டுச்சு, தங்கச்சி. ரெண்டு நாளும் கேட்டுச்சு. முட்டி வலின்னு படுத்துக் கெடந்தேன்."

கொக்கியால் அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. நிஜமாகவே கை உயர்ந்தது. நீ தாடையைக் கொக்கியில் வைத்துக்கொண்டு பார்த்தாயே, அந்தப் பார்வை அவர் தோப்பில் யார் மேலாவது விழாதா என்றுதானே பார்த்தாய். அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் உனக்காக நான் ஒழுங்காக அழுதது இன்றுதான் என்று நினைக்கிறேன். அழுது முடித்ததும் இன்னொரு கொக்கியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது? செடி அங்கேதானே கிடக்கிறது.

இருட்டும்வரை வாரினோம். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. தகரத்தை உன் கழியிலேயே மாட்டிவிட்டு வரலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் கட்டிலடியில் இருக்கிறது, வீடு பூராவும் மண்ணெண்ணெய் வாசம்.

நாளைக் காலையில் ஆபீசர் பதில் கேட்டு என் வீட்டுக்கு வருவார். நான் வீட்டில் இருக்கமாட்டேன். பதில் வேண்டுமென்றால் உன் கரையில் தண்ணீருக்குள் வந்து கேட்கட்டும். தவுக்கே மகனையும் நினைத்து இன்னும் இரண்டு கொக்கி கட்டி வைத்திருக்கிறேன்.