விறைப்பு இல்லை

ஆடி 3, செவ்வாய்

சோளகக் காற்று. யன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் சோற்றில் மண். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். கழுதைக்கு வழிவிடப் போய் ஓட்டோவோடு சரிந்தேன். கழுதைக்கு ஒன்றுமில்லை, ஓட்டோவுக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் இடது மணிக்கட்டு. உள்ளே தகடு, வெளியே முழங்கை வரை மாவுக்கட்டு.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரித் தாதி மிஸ் சொன்னது: கையை உயர்த்தி வைக்க வேண்டும், விரலை மடக்கி நீட்ட வேண்டும். "விறைப்பு வந்தா உடன வாங்கோ." மனுசி ஜெசிந்தா எல்லாவற்றையும் பாடமாக்கிவிட்டாள். நான் கண் விழித்தால் போதும்.

"விறைப்பு இருக்கோ?"

"இல்ல." மடக்கி, நீட்டி, காட்டினேன்.

ஒரு கையால் இடுப்பில் சாரம் கட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் மனுசியைக் கூப்பிட வேண்டும். வெட்கக்கேடு.

புதன்

நித்திரை இல்லை. கட்டுக்குள் கடி. ஈர்க்கு விட்டுச் சொறிந்தேன், சொர்க்கம். ஜெசிந்தா கண்டு பறித்துவிட்டாள்.

சிலாவத்துறை நவாஸ் அண்ணை போன். ஸ்டாண்டில் என் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நிற்பவர். "தம்பி, கை சரிவராட்டி வேற ஆருக்கும் ஓட்டோவை வித்துப்போடாதையும். எனக்குச் சொல்லும்." நல்ல மனதோடுதான். எரிச்சல் வந்தது. சின்னப் பையனாக இந்திய அகதி முகாமுக்குப் போய் மீசையோடு திரும்பியவன் நான். இந்த மண்ணில் என் பெயரில் இருக்கும் ஒரே பொருள் அந்த ஓட்டோ. ஆவணி மடுத் திருநாளுக்குப் பள்ளிமுனையில் மூன்று குடும்பம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறது.

பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடக்கின்றன. மயக்க ஊசியின் மிச்சமாக இருக்கும். நல்ல காலம் விறைப்பு இல்லை. எல்லாம் நன்றாக மடங்குகின்றன.

வெள்ளி

காலையில் பிளேன்ரீ. வலது கையால், மொய்த்த இலையானை விரட்டிக்கொண்டு, இடது விரல்களால் சில்வர் கப்பைப் பிடித்திருந்தேன்.

"ஐயோ, உங்களுக்குச் சுடேல்லையோ?"

"அதான் மரத்துப் போச்சே, எங்க சுடும்?"

"என்னது?"

"விரலு. கிள்ளினாலும் தெரியாது."

ஜெசிந்தா கிள்ளிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அதுதானேயப்பா விறைப்பு! எத்தின தரம் கேட்டன், இல்லை இல்லையெண்டு சொன்னீங்கள்!"

"விறைப்புன்னா கட்டை மாதிரி மடங்காம நிக்கிறது இல்லையா?"

"அது உங்கட இந்தியாவில!"

ஆஸ்பத்திரிக்கு யாரோ ஒருவனின் ஓட்டோவில், பின் சீட்டில் நான். டொக்டர் மாவுக்கட்டை வெட்டித் தளர்த்தினார். உள்ளே வீங்கி நரம்பை நெரித்திருக்கிறது. உணர்ச்சி திரும்பலாம், நாள் சொல்ல முடியாது, திரும்பாமலும் போகலாம் என்றார். மிஸ்ஸுக்குக் கோபம். "விறைச்சா வரச் சொன்னனான் எல்லோ?" ஜெசிந்தா சொன்னாள்: "இவர் இந்தியாவில வளந்தவர், மிஸ்." ஏதோ வியாதியின் பெயர் சொல்வது போல.

பயமாக இருக்கிறது. கிளச் எங்கே பிடிக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. விரலுக்குத்தான் தெரியும். இடது விரல்.

ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஜெசிந்தா போகுமுன் ஒரு கிள்ளு, வந்து ஒரு கிள்ளு. ஒன்றும் தெரியவில்லை. நீ விளக்கமாகக் கேட்டிருக்கலாம் என்று கத்திவிட்டேன். "எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். பிறகு குசினியில் வெங்காயம் உரித்தாள். கறியில் வெங்காயம் இருக்கவில்லை.

அங்கே சிலோன்காரன். இங்கே இந்தியாக்காரன். சிரித்துப் பழகிவிட்டது. இன்று சிரிப்பு வரவில்லை.

புதன்

நவாஸ் அண்ணை வந்தார். ஓட்டோவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பற்றரி இறங்கிவிடும் என்று ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் ஓடவிட்டு, தார்ப்பாயை மூடிவிட்டுப் போனார். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டேன்.

மடுவுக்குப் போக இருந்த ஒரு குடும்பம் வேறு ஓட்டோ பிடித்துவிட்டது. குற்றம் சொல்ல முடியாது.

சனி

காற்று குறைவு. பின்னேரம் கதிரையில் தூங்கிவிட்டேன். கைப்பிடியில் பிளேன்ரீ சிந்தியிருந்திருக்கிறது. சுள்ளென்று ஒரு கடி. கத்திக்கொண்டு எழும்பினேன். ஆட்காட்டி விரலில் சிவப்பு எறும்பு. தட்டிவிட மனம் வரவில்லை. இன்னொரு தரம் கடித்தது.

ஜெசிந்தா அகப்பையோடு ஓடி வந்தாள். "என்ன, என்ன?"

"எறும்பு கடிச்சிட்டுது."

"எந்தக் கையில?"

"இடது."

அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தரம், என் சொல்லில் கேட்டாள்: "மரத்துப் போகேல்லையோ?"

"இந்த விரல்ல விறைப்பு இல்லை."

"எந்த விறைப்பு?"

"உன்ர விறைப்பு."