லாரித் தடத்தில் தண்ணீர்

ஐப்பசி 9, வியாழன்

கரிக்கிடங்கில் நிலக்கரி அள்ளும் என் கணவரின் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா இன்று சொன்னார்: "கரித்தூசியால மரபணுவே சேதமாயிருக்கும்மா. பின்னாடி புற்றுநோய்கூட வரலாம்."

வீடு திரும்பினால் கிடங்குக் காண்ட்ராக்டர் காத்திருந்தார். எங்கள் வயல் வழியாகக் கிடங்குக்குப் போகும் லாரித் தடத்தை விலைக்குக் கேட்டார். ரத்தச் சோதனையைப் பற்றிச் சொன்னேன்.

"அதெல்லாம் பீடியால வர்றதும்மா."

என் கணவர் பீடியைத் தொட்டதே இல்லை.

"உங்க மகனை ஒரு வருஷம் கரி அள்ள அனுப்புங்க. அப்புறம் நிலத்தைப் பத்திப் பேசலாம்" என்றேன். எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் மடையைத் திறந்து தடம் முழுக்கத் தண்ணீர் விட்டேன். முதல் லாரியே அச்சு வரை புதைந்தது. காண்ட்ராக்டர் போன் மேல் போன் அடிக்கிறார். அடிக்கட்டும். எனக்கு இது போதவில்லை. விடிந்ததும் அங்கேயே நாற்று நடுவேன்.